லேமினேட் தரையின் ஓரத்துக்கு எந்தப் பட்டை?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிப் பார்க்கிறேன். எட்டு மீட்டர் நீள ஹாலில் 8 மி.மீ. கனமுள்ள லேமினேட் பலகைத் தரை போடப் போகிறீர்கள். அதே பலகையைப் படுக்கையறைக்கும் கொண்டுபோக ஆசை. ஒரு வாசலுக்கு அப்பால் குளியலறையின் டைல் தரை. லேமினேட் போட்டு முடித்தபின் அந்த டைல் தரை 6 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்து நிற்கும். இன்னொரு பக்கம் தரைவரை இறங்கும் கண்ணாடித் தள்ளுகதவு. ஹாலின் முடிவில் மாடிப்படி இறங்குகிறது. கடையில் இந்த நான்கு இடங்களுக்கும் ஒரே டி வடிவப் பட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது போதுமா, படுக்கையறை வாசலில் பட்டையே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

டி பட்டை நான்கில் ஓர் இடத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் எந்த இடத்துக்கு எந்த வடிவம் என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: இந்தத் தரை நகர்வதற்கான இடத்தை எங்கே விடப்போகிறீர்கள், அந்த இடத்தை எதைக் கொண்டு மூடப்போகிறீர்கள்? ஓரப்பட்டையை அலங்காரச் சாமானாக நினைத்து வாங்குகிறவர்கள் வேலையெல்லாம் முடிந்தபிறகு கடைசி நாளில் கடைக்குப் போகிறார்கள். அப்போது பலகைகள் வெட்டப்பட்டிருக்கும், இடைவெளி இவ்வளவுதான் என்று முடிவாகியிருக்கும். கிடைக்கிற பட்டை அந்த இடைவெளிக்குப் பொருந்தாது. நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. திரும்பப் போய்ச் சரிசெய்துகொடுத்த தரைகளில் பலகையில் குறை இருந்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் கோளாறு ஓரத்தில்தான் இருந்தது.

லேமினேட் பலகையின் நடுப்பகுதி, மரநாரை அழுத்திச் செய்த அடர்த்தியான ஹெச்.டி.எஃப். பலகை. காற்றில் ஈரம் ஏறினால் அது விரியும், வறண்டால் சுருங்கும். வெயிலைவிட ஈரம்தான் இதில் முக்கியம். முழு மரம் நார் ஓடும் திசையில் அதிகம் நகராது, குறுக்கே நகரும். ஹெச்.டி.எஃப்.-இல் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் தரை நீளத்திலும் நகரும், அகலத்திலும் நகரும். மரத்தச்சு பழகியவர்கள்கூட இங்கே ஏமாந்துபோய், பலகையின் தலைப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி அடித்துவிடுகிறார்கள். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் க்ளிக் பூட்டு போட்ட தரை அடித்தளத்தில் ஒட்டப்படுவதில்லை. ஃபோம் ஷீட்டின் மேல் மிதந்து கிடக்கிறது. அறை முழுவதும் ஒரே தகடாக மாறி, மொத்தமாக விரிந்து மொத்தமாகச் சுருங்கும். அதனால்தான் சுற்றிலும் 8 முதல் 12 மி.மீ. வரை இடைவெளி கேட்கிறார்கள். ஒரு மீட்டர் தரைக்கு 1 முதல் 1.5 மி.மீ. வரை நகர இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் தப்பு வராது. எட்டு மீட்டர் ஹாலுக்கு இரண்டு முனையும் சேர்த்து 8 முதல் 12 மி.மீ. வேண்டும். ஆக, முனைக்குப் பத்துப் பத்து விட்டால் கவலையில்லாமல் தூங்கலாம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: ஓரப்பட்டையை அடித்தளத்திலோ சுவரிலோதான் பிடிக்க வேண்டும், மிதக்கும் பலகையில் பிடிக்கவே கூடாது. ஒரு வீட்டில் ஹால் நடுவே தரை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பலகையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், வாசல் பட்டை ஆடுகிறது என்று யாரோ நான்கு ஸ்க்ரூவைப் பட்டை வழியாகப் பலகைக்குள் இறக்கி, கீழிருந்த கான்கிரீட்வரை முறுக்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் கனமான அலமாரி வரிசை. இரண்டு பக்கமும் ஆணி அடித்தமாதிரி பிடித்துக்கொண்டதால் நடுவில் எழும்புவதைத் தவிர தரைக்கு வேறு வழியில்லை. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு வந்தோம். சில நாட்களில் தரை தானாகப் படிந்துவிட்டது. பூட்டு உடைந்திருந்த இரண்டு பலகைகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே, எந்தப் பட்டையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு அளவுகளை எடுத்துக் குறித்துவையுங்கள்: உயர வித்தியாசம், இடைவெளி. உயரத்தை மனக்கணக்காகப் போடாதீர்கள். ஒரு துண்டு லேமினேட்டை அதன் ஃபோமோடு சேர்த்து வாசலில் வைத்து, மேலே ஏறி நின்று அழுத்தி, நேரான ஒரு மட்டப்பலகையை உயரமான தரையிலிருந்து தாழ்ந்த தரைக்கு நீட்டி, கீழே உள்ள சந்தின் உயரத்தை அளக்க வேண்டும். இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளங்கள். ஒரே வாசலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 3 மி.மீ. மாறுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் பட்டையை மாற்றிப் பயனில்லை; முதலில் அடித்தளத்தை மட்டமாக்க வேண்டும். டைல் இன்னும் ஒட்டவில்லை என்றால், டைலின் கனத்தோடு அடியில் போகும் ஒட்டுக்கலவையின் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் படுக்கையறை வாசல். இரு பக்கமும் ஒரே லேமினேட், ஒரே உயரம். டி பட்டை பிறந்ததே இதற்காகத்தான். அடியில் ஒரு தண்டு, மேலே இரண்டு சிறகு. தண்டு இடைவெளிக்குள் இறங்கி, தளத்தில் ஸ்க்ரூ செய்த ஒரு வாய்க்கால் மாதிரியான தடத்தில் சொருகிக்கொள்ளும். சிறகுகள் பலகைமேல் சும்மா படிந்திருக்கும், ஒட்டாது. இடைவெளியை இப்படிக் கணக்கிடுவேன்: இந்தப் பக்கப் பலகைக்கு 10, தண்டும் தடமும் சேர்ந்து ஒரு 5, அந்தப் பக்கப் பலகைக்கு 10, ஆக 25 மி.மீ. பட்டையின் மேலகலம் 44 மி.மீ. என்றால் இரு பக்கமும் ஒன்பதரை மி.மீ. பலகைமேல் ஏறி நிற்கும். வறண்ட காலத்தில் தரை 4 மி.மீ. உள்வாங்கினாலும் மூடல் விலகாது. இதையே அவசரத்தில் 40 மி.மீ. இடைவெளியாக வெட்டிவிட்டால் ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. தான் மூடும். நாலு மாதத்தில் பலகையின் வெட்டுமுனை வெளியே தெரியும். நீங்கள் வாங்கும் பட்டையின் அகலமும் தண்டின் கனமும் என் கணக்கிலிருந்து மாறலாம். ஆகவே பட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைசிப் பலகையை வெட்ட வேண்டும்.

பட்டை வாசலில் எங்கே உட்கார வேண்டும் என்றால், கதவு மூடியபின் கதவுக்கு நேர் கீழே. அப்போது எந்த அறையில் நின்று பார்த்தாலும் அந்த அறைத் தரை மட்டும்தான் கண்ணில் படும். டி பட்டை தரைக்கு மேல் 4, 5 மி.மீ. எழும்பி நிற்கும் என்பதால் கதவின் அடிப்பாகம் உரசுமா என்று தடத்தை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நிலைச்சட்டத்தின் அடியை ரம்பத்தால் அறுத்து லேமினேட்டை அதனடியில் சொருகினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயும், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சந்துக்குள்ளும், விரிவதற்கு இடம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதாலேயே பலர் அங்கே மறந்துவிடுகிறார்கள்.

பட்டையே இல்லாமல் இரண்டு அறையையும் ஒரே ஓட்டமாகப் போடலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. பல தயாரிப்பாளர்கள் ஒரே துண்டாகப் போகும் தரையை ஒரு திசையில் 8 முதல் 10 மீட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். வாசலில் பிரிக்கச் சொல்லித் தனியாகவே எழுதுகிறவர்களும் உண்டு. சிலர் தங்கள் பூட்டு வலுவானது என்று அதைவிட அதிக நீளத்தையும் அனுமதிக்கிறார்கள். உங்கள் பலகைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் உத்தரவாதத்துக்குச் செல்லும். என் அனுபவத்தில் ஆபத்து நீளத்தில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. பெரிய ஹாலும் பெரிய படுக்கையறையும் குறுகிய ஒரு வாசலால் இணைந்தால் அந்த வாசல் ஓர் இடுப்பு மாதிரி ஆகிவிடும். இரண்டு தகடுகளும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது பூட்டு முதலில் விடுபடுவது அங்கேதான். சின்ன வீட்டில், இரண்டு அறையும் சேர்ந்து ஆறேழு மீட்டருக்குள் அடங்கி, கனமான சாமான் எதுவும் தரையை அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் நான் பட்டையில்லாமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அவை நன்றாகவே இருக்கின்றன. உங்கள் ஹால் எட்டு மீட்டர் என்கிறீர்கள். அதோடு படுக்கையறையும் சேர்கிறது. நான் பிரித்துவிடுவேன்.

குளியலறை வாசலில் 6 மி.மீ. இறக்கம். டி பட்டை இரு பக்கமும் ஏறத்தாழ 3 மி.மீ. வித்தியாசம்வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் சாய்ந்து நிற்கும். ஒரு சிறகு அந்தரத்தில் தொங்கும், கால் படப்பட ஆடி உடையும். இங்கே வேண்டியது ரெடியூசர். ஒரு பக்கம் லேமினேட் மேல் சிறகு விரித்து, மறுபக்கம் டைலை நோக்கிச் சரிந்து இறங்கும் பட்டை அது. டைல் நகராது என்பதால் அந்தப் பக்கம் 10 மி.மீ. விட அவசியமில்லை; இரண்டு மூன்று போதும். லேமினேட் பக்கத்து 10 மட்டும் அப்படியே வேண்டும். உங்களுக்கு நேர்மாறாக, டைல் உயர்ந்து லேமினேட் தாழ்ந்திருப்பவர்கள் இந்த ரெடியூசரைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைப்பதுண்டு. டைலின் கூர்முனையை மூடுகிறமாதிரி வரும் அலுமினிய சாய்வுப்பட்டைதான் அதற்குச் சரி. அதுவும் டைல் பக்கத்தில் ஒட்டப்பட்டு, லேமினேட் பக்கம் விடுதலையாக இருக்க வேண்டும்.

குளியலறை என்பதால் வடிவத்தைவிடப் பொருள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. லேமினேட்டோடு சேர்ந்து அதே நிறத்தில் வரும் பட்டைகளில் பெரும்பாலானவை எம்.டி.எஃப். எனப்படும், அடர்த்தி சற்றுக் குறைந்த மரநார்ப் பலகையின் மேல் படலம் ஒட்டியவை. நிறம் பொருந்தும், அறுக்க எளிது. ஆனால் ஈரக்காலோடு தினம் மிதிக்கும் இடத்தில் வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் ஏறி உப்பிவிடும். உப்பிய எம்.டி.எஃப். மறுபடி பழைய நிலைக்கு வராது. இந்த ஒரு வாசலுக்கு அலுமினியம் போடுங்கள். பட்டையின் இரண்டு ஓரங்களிலும், நிலையைத் தொடும் முனைகளிலும் சிலிக்கான் இழுத்துவிடுங்கள். இன்னொன்று: குளியலறைத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கும், அதைத் துளைத்து ஸ்க்ரூ இறக்காதீர்கள். பட்டைத் தடத்தைக் கட்டுமானப் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரைக்குள் சூடேற்றும் கம்பியோ குழாயோ ஓடும் வீடுகளிலும் இதே விதிதான். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து அடியில் என்ன ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாத தளத்தில் துளை போடாமல் பசைக்குப் போவதே என் வழக்கம்.

தள்ளுகதவுப் பக்கம் டி பட்டை அறவே ஆகாது. ஒரு சிறகு கதவு ஓடும் தடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தால் கதவு எப்படி ஓடும்? இங்கே எண்ட் கேப் எனப்படும் சதுர முகப்பட்டை வேண்டும். ஒரு பக்கம் லேமினேட்டின் மேல் படிந்து, மறுபக்கம் செங்குத்தாக இறங்கி முடிந்துவிடும். அந்தச் செங்குத்து முகத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே 2, 3 மி.மீ. விட்டு, சிலிக்கான் நிரப்பினால் வெளியிலிருந்து அடிக்கும் சாரல் உள்ளே இறங்காது. பட்டையே வேண்டாம், 10 மி.மீ. சந்தில் வட்ட ஃபோம் கயிறு திணித்து மேலே நிறச் சிலிக்கான் போட்டுவிடலாம் என்றும் ஒரு முறை உண்டு, பார்வைக்கு மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் நல்ல சிலிக்கான்கூடத் தன் அகலத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் விரிந்து சுருங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 10 மி.மீ. சந்தில் அது இரண்டரை மி.மீ. இரண்டு மூன்று மீட்டர் அறைக்குச் சரி. உங்கள் எட்டு மீட்டர் ஹாலின் நீளமுனையில் அது பிய்ந்துவிடும் என்றே நினைக்கிறேன். ஃபோம் கயிறு இல்லாமல் சந்து முழுக்கச் சிலிக்கானை ஊற்றுவது இன்னும் மோசம். அடியிலும் ஒட்டிக்கொள்வதால் அது இழுபட முடியாமல் கிழியும்.

மாடிப்படி முனையில் தயவுசெய்து சமரசம் செய்துகொள்ளாதீர்கள். மற்ற இடங்களில் பட்டை தவறினால் தரை கெடும். இங்கே தவறினால் ஆள் விழுவார். இதற்கென்றே ஸ்டேர் நோஸ் என்ற மூக்குப்பட்டை இருக்கிறது. அதைப் பசையாலும் ஸ்க்ரூவாலும் சேர்த்தே பிடிக்க வேண்டும், இரட்டைப்பக்க டேப் இங்கே கூடவே கூடாது. இதில் இரண்டு வகை. பலகைமேல் ஏறிப் படிவது ஒன்று. தரை மிதக்கலாம், ஆனால் படியின் விளிம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும். பலகையோடு பூட்டிக்கொண்டு சமமாக வருவது மற்றது. மேடு இல்லை, ஆனால் தரை அந்த முனையில் நிலையாகப் பிடிபட்டுவிடும். இரண்டாவதைப் போட்டால் விரிவு முழுவதும் எதிர்முனைக்குத்தான் போகும். அந்தப் பக்க இடைவெளியை அதற்கேற்றபடி பெரிதாக விட வேண்டும், அங்கே கனமான அலமாரியும் நிற்கக் கூடாது. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் நான் சமமாக வரும் வகையைத்தான் சொல்வேன். உங்கள் ஹாலில் எதிர்முனை தள்ளுகதவுதான் என்றால், மொத்த விரிவும் எண்ட் கேப்பின் அடியில் அடங்குமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடங்காது என்றால் ஏறிப் படியும் வகையே வழி.

தடுக்கி விழும் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலை, செங்குத்தான உயர மாற்றத்தை கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது. அதற்குமேல் அரை அங்குலம்வரை சரிவு வெட்ட வேண்டும். அதையும் தாண்டினால் சாய்தளம் கட்ட வேண்டும். அது பொது இடங்களுக்கான விதி. உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சக்கர நாற்காலியோ நடைவண்டியோ புழங்கும் வீட்டில் அந்த எண்ணை ஒரு நல்ல எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளலாம்.

சுவரோரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கர்ட்டிங்கின், அதாவது சுவரடியில் ஓடும் பட்டையின், கனம் இடைவெளியைவிட ஐந்து மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், 10 விட்டால் 15 மி.மீ. ஸ்கர்ட்டிங். பழைய ஸ்கர்ட்டிங்கைக் கழற்ற முடியாமல் அதன் முன்னால் கால் பங்கு வட்ட வடிவப் பட்டை வைப்பதானால் ஆணி ஸ்கர்ட்டிங்குக்குள் கிடையாகப் போக வேண்டும், கீழ்நோக்கித் தரைக்குள் போகக் கூடாது.

ஸ்க்ரூவே வேண்டாம், பின்பக்கம் பசை தடவிய பட்டை கிடைக்கிறது என்கிறார்கள், அதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் என் அனுபவம் இரண்டுபட்டது. தூசியே இல்லாத, வழவழப்பான, உலர்ந்த டைலில் வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் தளத்தில் அடுத்த மாதமே கையோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதோடு, அந்தப் பசை லேமினேட்டின் மேலும் ஒட்டிக்கொண்டால் மேலே சொன்ன விதியை நீங்களே மீறியதாகிவிடும். லேமினேட் பக்கத்துப் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் விட்டுவிடுங்கள். ஒரே பட்டை டி-யாகவும் ரெடியூசராகவும் எண்ட் கேப்பாகவும் மாறும் என்று வரும் பெட்டிகளும் நல்லவைதான். ஆனால் பாகத்தை அறுக்கும்போது நேர்க்கோடு தவறினால் விளிம்பு அலைந்து தெரியும்.

கடைசியாக நிறம். அதே பலகை வரிசையில் பட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள், பலகை வாங்கும் அன்றே வாங்குங்கள். பிறகு தேடினால் அந்த நிறம் நின்றுபோயிருக்கலாம். கிடைக்கவில்லை என்றால் ஏறக்குறைய ஒத்துப்போகிற மரநிறத்தைத் தேடி அலையாதீர்கள். கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பது தவறு செய்தமாதிரிதான் கண்ணுக்குப் படும். வேறுபாடு தெரிகிறமாதிரி வெள்ளி நிற அலுமினியமோ அடர்ந்த நிறமோ போட்டால் வேண்டுமென்றே செய்ததாக இருக்கும். உங்கள் குளியலறை வாசலுக்கு எப்படியும் அலுமினியம் வேண்டியிருக்கிறது. படுக்கையறை வாசலுக்கும் தள்ளுகதவுக்கும் அதே நிறத்தை எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்றுபோல் நிற்கும். மாடிப்படிக்கு மட்டும் பலகை நிறத்தில் மூக்குப்பட்டை தேடுங்கள், படியின் விளிம்பு எங்கே என்று கீழே இறங்குகிறவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஒரு பங்கு அடர்த்தியாக.